பிற்பாட்டுக்கு ஆள் வேண்டும்

போன கிழமை பேத்தி வந்திருந்தாள். முகம் சரியில்லை. அவள் சேர்ந்திருக்கிற நாடகக் குழுவில் இந்த முறை பாத்திரம் கிடைக்கவில்லையாம். பின்னால் நின்று பாடுகிறவர்களோடு போட்டுவிட்டார்களாம். "அம்மப்பா, பின்னுக்கு நிண்டா என்ன ஒருத்தருக்கும் தெரியாது. நான் விடப்போறன்" என்றாள். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். அவளுக்கும், இந்த மட்டக்களப்பு வாவிக்கரையில் ஆடவும் பாடவும் கீறவும் ஆசைப்படுகிற மற்றப் பிள்ளைகளுக்கும்.

1964ஆம் ஆண்டு எனக்கு 14 வயது. எங்கள் ஊர் படுவான்கரையில். வெள்ளாமை வெட்டிச் சூடு அடித்து முடிந்த காலம். வீடுகளில் நெல் இருந்தது. வடமோடிக் கூத்துப் போடுவதென்று ஊர் கூடி முடிவு செய்தது. கூத்தை ஓர் இரவு வேலையென்று நினைக்காதீர்கள். வெற்றிலை வைத்து, கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரை அழைத்துவர வேண்டும். நல்ல நாள் பார்த்துச் சட்டம், அதாவது அவரவர் பாட வேண்டிய பாட்டு, கொடுப்பார்கள். யாருக்கு எந்த வேடமென்று அன்றைக்குத்தான் தெரியும். அண்ணாவியார் ஆளின் உயரத்தைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், பாடச் சொல்லிக் குரலைக் கேட்பார். பிறகு மாதக்கணக்கில், இரவிரவாகச் சட்டம் பழக வேண்டும். சதங்கை கட்டி ஆடுகிற நாள் ஒன்று, ஒத்திகையாக அடுக்குப் பார்க்கிற நாள் ஒன்று. இத்தனையும் கடந்துதான் அரங்கேற்றம்.

எனக்கு ராசா மகன் வேடத்தில் ஆசை. வேடத்தைவிடக் கரப்புடுப்பில்தான் ஆசை என்று சொன்னால் இன்னும் சரி. கரை ஓரத் தண்ணீரில் மீனை மூடிப் பிடிக்கிற கூடைக்குத்தான் கரப்பு என்று பெயர். மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருக்கும். ராசா வேடக்காரரின் இடுப்பிலிருந்து உடுப்பு அந்த மாதிரியே விரிந்து நிற்கும். அவர் பாய்ச்சல் போட்டுச் சுழலும்போது கரை முழுக்கக் கண்ணாடித் துண்டுகள் மின்னும். அதைப் போட்டுக்கொண்டு சுழல வேண்டும் என்று கனவெல்லாம் கண்டிருந்தேன்.

அண்ணாவியார் என்னைப் பாடச் சொன்னார். கேட்டார். "ராசா வேசம் பிறகு பாப்பம் மனே. இப்ப நீ பிற்பாட்டுக்கு நில்லு" என்றார். அன்றிரவு நான் அழுதேன். அம்மா சோறு வைத்துக்கொண்டு கூப்பிட்டதும் நினைவிருக்கிறது, நான் போகாததும் நினைவிருக்கிறது.

பிற்பாட்டு என்றால் மத்தளமும் சல்லரியும் ஒலிக்கிற இடத்தில், அண்ணாவியாருக்குப் பக்கத்தில் நின்று, ஆட்டக்காரர் பாடிய அடியை வாங்கித் திரும்பப் பாடுவது. விடியும்வரை நிற்க வேண்டும். ராசா வருவார், ஆடுவார், போய் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார். பிற்பாட்டுக்காரனுக்குப் போகிற வழி இல்லை. மந்திரிக்கும் பாட வேண்டும், ராசாத்திக்கும் பாட வேண்டும், எதிரிக்கும் அதே தொண்டையால்தான் பாட வேண்டும்.

அரங்கேற்ற இரவு, ஏறத்தாழ இரண்டு மணி இருக்கும். எங்கள் கதாநாயகன் ஓர் அடியை மறந்துபோனார். நல்ல ஆட்டக்காரர், ஆனாலும் மறந்துவிட்டது. வட்டக் களரி, நாலு பக்கமும் சனம், ஒளிந்துகொள்ள ஒரு மூலை இல்லை. அண்ணாவியார் மத்தளத்திலிருந்து கண்ணை எடுத்து எங்களைப் பார்த்தார், அவ்வளவுதான். முந்தின அடியையே நாங்கள் இன்னொருமுறை எடுத்தோம். பிறகு மூன்றாம் முறை, கொஞ்சம் உயர்த்தி. அதற்குள் அவருக்குக் கால் பிடிபட்டது, பாட்டும் வந்தது. சனம் அது கூத்தில் உள்ளதுதான் என்று நினைத்தது. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி ஆகா என்றுகூடச் சொன்னார். அந்த ஆகா யாருக்குச் சேர வேண்டியது என்பது களரிக்குள் நின்ற ஆறு பேருக்குத்தான் தெரியும். அந்த ஆறு பேருக்குத் தெரிந்தது எனக்குப் போதுமாக இருந்தது. என் அழுகை நின்றது அன்றைக்குத்தான்.

அதே 1964இல்தான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'இராவணேசன்' வடமோடி நாடகத்தை மேடையேற்றினார். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1956இல், எதிரிவீர சரச்சந்திர 'நாடகம' என்கிற சிங்களக் கூத்து வடிவை எடுத்து 'மனமே'யை ஆக்கியிருந்தார். அந்த 'நாடகம'வுக்கே தாய் நம்முடைய கூத்துத்தான். நம் வீட்டுப் பொருளின் அருமையை அடுத்த வீட்டார் எடுத்துக் காட்டிய பிறகு நம் படித்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். விடியவிடிய ஆடியதைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கி, வட்டக் களரியிலிருந்து எடுத்து, ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற மேடைக்குக் கொண்டுவந்தார் வித்தியானந்தன். இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர்தான் இன்று நாம் பேராசிரியர் என்று கொண்டாடுகிற சி. மௌனகுரு. பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றி விரிவாக ஆய்ந்து எழுதியவரும் அவரே. அதே இராவணேசனைக் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களோடு மீண்டும் ஆடவைத்தவரும் அவரே. ஆனால் பேராதனையில் படித்த அந்தப் பிள்ளைகளின் காலுக்குத் தாளம் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். நாடகத்தின் பேரைச் சொல்கிறவர்கள் அவர் பேரையும் சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் விடுவதில்லை.

பலனை எண்ணாமல் உழைப்பதற்கு நம் விபுலானந்த அடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1892இல் காரைதீவில் பிறந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர், விஞ்ஞானம் கற்பித்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். வழக்கொழிந்துபோன பழந்தமிழ் யாழைத் தேடிக் கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்த ஆராய்ச்சி பத்தாண்டுக்கும் மேல் நீண்டது. யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. ஜூலை 19ஆம் திகதி அடிகள் காலமானார். தன் நூலைக் கையில் வைத்துக்கொள்ள அவருக்குக் கிடைத்தது ஏழு கிழமைகூட இல்லை. இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு மனம் கலங்கும். இன்றைக்குப் பதிவேற்றி நாளைக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுகிற பிள்ளைகள், கல்லடி உப்போடையில் அவர் சமாதி இருக்கிற இடத்தில் ஒரு பின்னேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

நம் வாவியின் பாடுமீன் ஓசையை நீரரமகளிரின் இசையாகப் பாடியதும் அவர்தான். அந்த ஓசையை நான் ஒரு முறைதான் தெளிவாகக் கேட்டிருக்கிறேன். பௌர்ணமி இரவு, கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில், தோணியில் என் அப்பா. துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி மறு நுனியைக் காதில் வைக்கச் சொன்னார். முதலில் ஒன்றுமில்லை. "மூச்ச விடாத" என்றார். பிறகு எங்கோ தூரத்தில் ஒரு நரம்பை மெல்லச் சுண்டியது போல. பாடுவது மீனா, ஊரி என்கிற சிப்பியா என்று இன்றும் கேட்கிறார்கள். எங்கள் மீன்பிடிகாரர் ஊரிதான் என்பார்கள். அன்றைக்கு நாங்கள் ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தோம். தோணியை ஆட்டினால் அது கேட்காது.

அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திராவும் புனித மிக்கேலில் படித்தவர்தான். பள்ளிப் பையனாக இருந்தபோது கித்துல்கலையில் டேவிட் லீனின் படப்பிடிப்பைப் பார்த்ததே தன்னைச் சினிமாவுக்குள் இழுத்தது என்று சொல்லியிருக்கிறார். அவரும் நேரே இயக்குநராகிவிடவில்லை. பூனாவில் ஒளிப்பதிவு படித்து, 1974இல் வெளிவந்த 'நெல்லு' போன்ற மலையாளப் படங்களில் மற்றவர்களுடைய கதைகளுக்கு வெளிச்சம் வைத்துக் கொடுத்தார். சொந்தப் படமான 'கோகிலா' 1977இல்தான் வந்தது. அவர் படத்தில் ஓர் அறைக்குள் வெயில் விழுகிற விதத்தைப் பாருங்கள். கமெராவுக்குப் பின்னால் நின்ற காலத்தின் சம்பாத்தியம் அது.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தது. மட்டக்களப்பில் அந்த வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் அந்த இரவைச் சொல்வார்கள். எங்கள் ஊரில் தென்னைகள் வரிசையாக விழுந்தன. கூத்துச் சாமான் இருந்த பெட்டியும் கூரையோடு போனது. முடியும் உடுப்பும் பிறகு செய்துகொள்ளலாம். சட்டக் கொப்பி நனைந்து கூழாகிவிட்டது. அண்ணாவியாரும் அப்போது இல்லை. ராசா ஆடியவரிடம் கேட்டோம்; ராசாவின் பாட்டுத்தான் அவருக்குத் தெரியும். மந்திரிக்கு மந்திரி பாட்டு மட்டும். முழுக்கூத்தும் யாருக்குத் தெரியும் என்று தேடிப் பார்த்தால், பிற்பாட்டு நின்ற நாங்கள் மூன்று பேர். பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை வாங்கி, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில், ஒருவர் பாட ஒருவர் எழுத, மூன்றாமவர் திருத்த, காப்பிலிருந்து மங்களம்வரை எழுதி முடித்தோம். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் வேலியில் நின்றபடி இரண்டு இடத்தில் எங்களைத் திருத்தினார். பெண்ணாகப் பிறந்ததால் களரியில் ஏறவே விடப்படாதவர். கேட்டே பாடமாக்கியிருந்தார்.

அந்த அக்காவை நினைக்கையில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விரும்பிப் பின்னால் நின்று பழகுவது ஒன்று. ஒருவரைப் பின்னுக்கே தள்ளி வைப்பது வேறொன்று. எங்கள் கூத்தில் பெண் வேடத்தை ஆண்கள் கட்டினார்கள், பெண்களுக்கு இடமில்லை. பறைமேளம் அடித்தவர்களின் கலை இல்லாமல் கோயில் சடங்கு நடக்காது. அடித்தவர்களுக்கோ கோயிலுக்குள் இடமில்லை. அது பிழை. அந்தக் காலத்தில் நானும் வாய் திறக்கவில்லை, அதுவும் பிழை. கலாநிதி சி. ஜெயசங்கரும் சீலாமுனை ஊர்க் கலைஞரும் சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் என்று தொடங்கி, சாதியையும் பெண்ணையும் பற்றிய பழைய வரிகளை ஊரோடு உட்கார்ந்து பேசி மாற்றியபோது மரபு கெட்டுப்போகும் என்றார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்று பெண்பிள்ளைகள் மத்தளம் அடிப்பதைப் பார்க்கிறேன். வேலியில் நின்ற அக்கா இருந்திருந்தால் பார்த்து அழுதிருப்பார்.

சண்டைக் காலத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு வரவில்லை. இரவில் ஆள் வெளியே போக முடியாத ஊரில் விடியவிடியக் கூத்து எப்படி நடக்கும்? ஆட வேண்டிய வயதில் இருந்த எத்தனையோ பேர் இல்லாமல் போனார்கள். பிறகு 2004 சுனாமி; டச்பாரில் இருந்த பறங்கியரின் குடியிருப்பு அழிந்தது. வயலினோடு கப்ரிஞ்ஞா ஆடுகிற அந்தச் சனம், மிஞ்சியவர்களை வைத்து மறுபடி ஆடியது. பிள்ளைகள் அதையும் போய்ப் பார்க்க வேண்டும். காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்துப் பொல்லடியையும் பார்க்க வேண்டும். வைகாசியில் கண்ணகி கோயில்களில் குளிர்த்தி பாடுகிறபோது போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். பதிவு செய்யலாம், தப்பில்லை. முதலில் ஒருமுறை காதால் கேளுங்கள்.

மகள், நீ எனக்குப் பேத்தி, ஆனாலும் கூப்பிட்டு வந்த பழக்கம் அது. உன்னை அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிற அண்ணன்மார் அக்காமாரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லலாம். அவர்களும் இதைத்தான் சொல்வார்கள். குழுவை விடாதே. எல்லாருடைய பாட்டையும் பாடமாக்கு.

வெள்ளாமை வெட்டு முடிந்ததும் இந்த வருடம் எங்கள் ஊரில் களரி போடுகிறார்கள். ராசா வேடத்துக்கு ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பிற்பாட்டுக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். வெள்ளியும் சனியும் இரவில், கோயில் வெளியில் சட்டம் பழகுகிறார்கள். நான் போகிறேன். நீயும் வா.