கல்வெட்டில் விடுபட்டவை

எங்கள் ஐயா 2003ஆம் ஆண்டு சுன்னாகத்தில் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஊர் வழக்கப்படி ஒரு கல்வெட்டு அச்சடித்தோம். அட்டையில் ஐயாவின் படம். உள்ளே தேவாரம், வமிசாவளி, ஊர்ப் பெரியவர்கள் நால்வரின் இரங்கலுரை, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். வாழ்க்கை வரலாற்றைப் பிள்ளைகளாகிய நாங்கள் ஐந்து பேரும் எழுதினோம். ஒருவர் ஒஸ்லோவில், இருவர் பாரிஸில், இருவர் ரொறொன்ரோவில். ரெலிபோனில் ஒருவர் வசனம் சொல்ல மற்றவர் வெட்ட, நாலு இரவுகளில் எழுதி முடித்தோம்.

'நேர்மையான வர்த்தகர், ஊருக்கு உழைத்தவர், குடும்பத்தின் தூண்' என்று அதில் எழுதியிருந்தோம். இவற்றில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் சிலவற்றை விட்டுவிட்டோம். மறந்து விட்டவையல்ல, தெரிந்தே விட்டவை. எங்களைப்போல அந்நிய நாட்டிலிருந்து கல்வெட்டு எழுதிய பலர் இதை வாசிப்பீர்கள். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறோம்.

ஐயா 1953இல் கடை திறந்தார். பலகைக் கதவு போட்ட பலசரக்குக் கடை. ஒரு பக்கம் அரிசி, மா, சீனி, பருப்பு மூட்டைகள். மறுபக்கம் மண்ணெண்ணெய்ப் பீப்பாவும் நல்லெண்ணெய்த் தகரமும். நடுவில் ஐயாவின் மேசை, அதன் லாச்சிக்குள் காசு, லாச்சிக்கு மேலே நீளமான கடன் கொப்பி. கடையோடு ஒட்டி ஒரு சிறிய தேத்தண்ணிப் பகுதியும் இருந்தது. சந்தைக்கு வாழைக்குலையும் வெங்காயமும் புகையிலையும் கொண்டுவருகிறவர்கள் விடிய நாலு மணிக்கே வந்து நிற்பார்கள். அவர்களுக்காக ஐயா மூன்று மணிக்கு எழும்புவார்.

கடன் கொப்பிதான் ஐயாவின் ஊர்ச்சேவை. பயிர் அழிந்தவன், மகளுக்குக் கலியாணம் வைத்தவள், ஆஸ்பத்திரியில் ஆள் கிடக்கும் வீடு, எல்லாருக்கும் அதில் ஒரு பக்கம் இருந்தது. வட்டி இல்லை. செத்த வீட்டுக்குக் கொடுத்த சாமானை அவர் கொப்பியில் ஏற்றுவதே இல்லை. எழுபதுகளில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு, பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில், மிளகாயையும் சீனியையும் பதுக்கிப் பணம் பார்த்த கடைகள் இருந்தன. ஐயா வந்த சாமானை அளந்து, கூப்பன் இல்லாத வீடுகளுக்கும் கொஞ்சம் ஒதுக்கிவைத்தார். வாசிகசாலைக்கு ஓடு போட்டது அவர். 1983 யூலைக் கலவரத்தில் அடிபட்டுக் கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய சனத்துக்கு, கடையிலிருந்த அரிசியை வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் உலை வைத்தார். அன்றிரவு அம்மா எங்களுக்குப் பாணும் சம்பலும் தந்தா. வீட்டுக்கென்று அரிசி எடுத்துவைக்க ஐயாவுக்கு நினைவு வரவில்லை.

இதிலே எங்களுக்குக் கோபமும் இருந்தது. எங்கள் அக்காவின் கலியாணம் இரண்டு தடவை தள்ளிப்போனது, கொப்பியில் இருந்த காசு கைக்கு வராததால். "ஊரிலை நாலு பேரைக் கேளுங்கோவன்" என்று அம்மா அழுதிருக்கிறா. "கேட்டால் தருவினம். தந்தபிறகு கடைக்கு வர வெக்கப்படுவினம்" என்பது ஐயாவின் பதில். ஆனால் 1984இல் எங்களில் மூத்தவர் கிழக்கு பெர்லின் வழியாக வெளிக்கிட்டபோது அம்மாவின் தாலிக்கொடியை அடைவு வைத்துக் காசு கட்டியவரும் அவர்தான். கடைசியாக 1992இல் எங்கள் தங்கச்சி கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்தபோது, கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு பரப்புக் காணியும் போனது.

பிறகு எங்களுக்கு அவருடைய கடிதங்கள்தான். ஐந்து பேருக்கும் தனித்தனியாக எழுதுவது வீண் செலவு என்று, கடைப் பற்றுச்சீட்டுக்குப் பாவித்த கார்பன் தாளை வைத்து அழுத்தி எழுதுவார். ஒஸ்லோவுக்கும் பாரிஸுக்கும் ரொறொன்ரோவுக்கும் ஒரே கடிதம். அடியில் மட்டும் ஆளுக்கொரு வரி: 'குளிருக்குத் தலையை மூடு', 'வேலை கிடைத்ததா', 'தமையனோடு கோபிக்காதே'. 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு எரித்த விளக்கில் இருந்து எழுதிய அந்தக் கடிதங்களில் ஊர் விலைவாசி முழுவதும் இருக்கும். சவர்க்காரம் என்ன விலை, ஒரு சோடி பற்றரிக்கு யார் எவ்வளவு கேட்டார்கள் என்று. பல இரவுகள் அந்தக் கடிதங்களோடுதான் நாங்கள் அகதி விடுதிகளில் படுத்தோம்.

இவ்வளவும் கல்வெட்டில் உண்டு. இனி எழுதுபவை அதில் இல்லை.

தேத்தண்ணிப் பகுதியில் கண்ணாடிக் கிளாசுகள் ஒரு தட்டில் கவிழ்த்துக் கிடக்கும். பின்புறத் தாழ்வாரத்தில், வளையில் அடித்த ஆணிகளில் நாலைந்து தகரப் பேணிகள் தொங்கும். மரம் ஏறுகிறவர்களும் தோட்டக் கூலிக்கு வருகிறவர்களும் பின்பக்கமாக வந்து, தாங்களே பேணியை எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும். தேத்தண்ணி மேலிருந்து ஊற்றப்படும். குடித்துவிட்டுத் தாங்களே கழுவிக் கொழுவிவிட்டுப் போக வேண்டும். ஐயாவை அவர்கள் 'நயினார்' என்பார்கள். தகப்பன் வயதானவர்களையும் நாங்கள், ஏழு வயதுப் பிள்ளைகள், 'நீ' என்போம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. நடை பழகியதுபோலத்தான் இதையும் பழகினோம்.

பொது இடங்களில் சாதியைச் சொல்லி ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று 1957இலேயே இலங்கையில் சட்டம் வந்துவிட்டது. எங்கள் கடையின் பின்பக்கத்துக்கு அது வரவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்துதான் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டது. ஐயா காலையிலேயே பலகைகளைப் போட்டுக் கடையை மூடினார். எங்களில் மூத்த இருவர் பலகை இடுக்கால் பார்த்தோம். பொலிசார் தடியோடு பாய்ந்ததையும், சனம் கலைந்து மறுபடி சேர்ந்து நடந்ததையும் கண்டோம். எங்கள் பேணியில் குடிக்கிறவர்களில் இரண்டு பேர் அதில் இருந்தார்கள். இரவு ஐயா சாப்பிட்டுக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "அவங்கள் கேக்கிறதிலை பிழையில்லை. ஆனா என்ரை கடை வாசலிலையா துவங்கவேணும்?"

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் ஆலயப் பிரவேசம் கேட்டுச் சனம் குந்தியிருந்தது. தேத்தண்ணிக் கடைகளுக்குள்ளும் ஆட்கள் கூட்டமாக வந்து இருந்து கிளாஸ் கேட்கத் தொடங்கினார்கள். எங்கள் கடைக்கும் வருவார்கள் என்று கதை அடிபட்டது. அவர்கள் வருவதற்கு முன்பே ஐயா தேத்தண்ணிப் பகுதியை மூடிவிட்டார். வாங்குகளை வாசிகசாலைக்குக் கொடுத்தார். கிளாசுகள் வீட்டுக்கு வந்தன. பேணிகள் எங்கே போயினவென்று தெரியாது. "எல்லாருக்கும் நிப்பாட்டிப்போட்டன். இப்ப எல்லாரும் சமன்தானே" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தால் எங்களுக்குக் கூசுகிறது. கேட்டவனுக்கு ஒரு கிளாஸ் தேத்தண்ணி கொடுப்பதைவிட, தன் வருமானத்தில் ஒரு பங்கை இழப்பது ஐயாவுக்குச் சுலபமாக இருந்தது. வட்டியில்லாமல் கடன் கொடுத்த அதே கைதான்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. எழுபது வயதில் ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டு, அம்மா பின்னால் ஒரு பையோடு, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்திருக்கிறார்கள். சைக்கிளில் ஒரு உரைப்பை. அதற்குள் இரண்டு வேட்டி, அம்மாவின் மருந்து, கடன் கொப்பி. மூன்று மாதங்களுக்குப் பிறகு தென்மராட்சியிலிருந்து வந்த கடிதத்தில் இதெல்லாம் இருந்தது.

அந்தக் கடிதத்தை ஐந்து பேரும் இன்றும் வைத்திருக்கிறோம். முதல் மூன்று நாள் ஒரு கோவில் மடத்துக்கு வெளியே கிடந்ததாகவும், நாலாம் நாள் ஒருவர் வந்து பெயரைக் கேட்டுத் தன் வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனதாகவும் ஐயா எழுதியிருந்தார். அந்த மனிதர் எங்கள் பக்கத்தைச் சேர்ந்தவர். கலியாணம் முடித்துத் தென்மராட்சிக்குப் போனவர். சின்ன வயதில் தகப்பனோடு எங்கள் கடைப் பின்பக்கம் வந்து நின்றவர். தன் வீட்டில் இருந்த ஒரேயொரு அறையை அம்மாவுக்கும் ஐயாவுக்கும் விட்டுவிட்டு, அவரும் மனைவியும் பிள்ளைகளும் விறாந்தையில் படுத்தார்கள்.

கடிதம் சொன்னது: 'வந்த உடனை கண்ணாடிக் கிளாசிலை தேத்தண்ணி தந்தவர். குடிச்சன். அவர் எங்கடை பேணியைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை. கதைச்சிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.'

'தந்தவர்' என்ற சொல்லில் முதலில் 'தந்தவன்' என்று எழுதி, 'ன்' எழுத்தை வெட்டி, 'ர்' போட்டிருந்தார். கார்பன் தாள் ஆகையால் அந்த வெட்டு ஐந்து கடிதங்களிலும் ஒரே இடத்தில் விழுந்திருந்தது.

1996 ஏப்ரலில் சனம் திரும்பத் தொடங்கியபோது அவர்களும் சுன்னாகத்துக்கு வந்தார்கள். கடைக்குக் கூரை இல்லை. தகரம் போட்டு, ஒரு மூட்டை அரிசியோடு ஐயா மறுபடி தொடங்கினார். அம்மா 2004இல் ரொறொன்ரோவுக்கு வந்தபோது அந்தக் கொப்பியைத் தன் பெட்டிக்குள் கொண்டுவந்தா. அப்போதுதான் அதை நாங்கள் முழுக்கப் புரட்டினோம். 1995க்கு முந்திய பக்கங்களில், முன்வாசலால் வந்தவர்களுக்கு 'அவர்கள்' என்ற அடைமொழியோடு முழுப்பெயர். பின்வாசலால் வந்தவர்களுக்குப் பெயரின் முற்பாதி மட்டும், கடைசியில் ஒரு 'ன்'. சிலருக்குப் பெயரே இல்லை. 'கிணற்றடியான்', 'மூத்தவன் பெண்சாதி'. 1996க்குப் பிந்திய பக்கங்களில் எல்லோருக்கும் முழுப்பெயர் இருந்தது. எழுத்து நடுங்கியிருந்தது. "ஆரையும் அவரவர் பேரைக் கேட்டுத்தான் எழுதினவர். சிலர் சொல்லப் பயந்தவை" என்று அம்மா சொன்னா.

ஊருக்கு உழைத்தவர் என்று எழுதினோமே, அந்த 'ஊர்' எது என்று ஐயா எழுபது வயதில் திருத்திக்கொண்டார். அவர் அதைப் பேசியதில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கொப்பியில் பெயரை ஒழுங்காக எழுதினார். அது போதுமா என்றால் போதாது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். ஆனால் நாங்கள் அந்தளவும் செய்யவில்லை.

ஏ9 பாதை 2002இல் திறந்திருந்தபடியால் ஐயாவின் செத்தவீட்டுக்கு எங்களில் இருவர் போய்ச் சேர்ந்தோம். தென்மராட்சியிலிருந்து அந்த மனிதரும் வந்தார். படலைக்கு வெளியே, றோட்டோரம் நின்றார். "உள்ளுக்கு வாங்கோ" என்று எங்களில் ஒருவர் போய்க் கூப்பிட்டோம். அவர் சுற்றிவரப் பார்த்துவிட்டு, "இல்லைத் தம்பி, இதிலை நிக்கிறன்" என்றார். நாங்கள் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. கல்வெட்டின் நன்றி நவிலலில் அவருடைய பெயர் முதலில் இருந்தது. அச்சுக்குப் போகுமுன் இனத்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, "இவரின்ரை பேர் இதுக்குள்ளை வந்தால் நாளைக்கு நாலு பேர் கதைப்பினம்" என்றார். ஊரிலிருந்த இருவரும் மற்ற மூவரோடு ரெலிபோனில் கதைத்தோம். ஐந்து பேரும் சேர்ந்துதான் வெட்டினோம். பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி தந்தவர், வீடியோ எடுத்தவர் எல்லோருக்கும் நன்றி சொன்ன பக்கம் அது.

சில ஆண்டுகளுக்கு முன் ரொறொன்ரோவில் எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி தான் விரும்பிய பெடியனைப் பற்றிச் சொன்னாள். படித்த பிள்ளை, நல்ல பிள்ளை. எங்கள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "ஊரிலை எந்தப் பக்கம்?" பனிக்குள் வந்து முப்பது வருடங்கள். ஊரில் வீடு இல்லை, கடை இல்லை. அந்தக் கேள்வி மட்டும் கூடவே வந்திருந்தது. கலியாணம் நடந்தது. எங்களில் ஒருவர் போகவில்லை. நாங்கள், நாங்கள் என்று இதுவரை எழுதிய இந்த நாங்களுக்குள் அவரும் இருக்கிறார். இதை வாசித்துக் காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, வெட்டச் சொல்லவும் இல்லை.

அந்த மனிதர் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய பிள்ளைகளைக் கேட்காமல் பெயரை இங்கே போடுவது சரியில்லை என்பதால் போடவில்லை. கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம். கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் முதலாவதாக இருந்திருக்கவேண்டிய வரி இது:

1995 நவம்பர் முதல் 1996 ஏப்ரல் வரை எங்கள் ஐயாவையும் அம்மாவையும் தமது வீட்டில் வைத்துப் பார்த்த அவருக்கும், அவருடைய மனைவிக்கும், விறாந்தையில் படுத்த பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி.