கடைசி வண்டி

விடுமுறை கழிந்து ஆசிரியர் வகுப்பறைக்குள் நுழையும்போது மாணவர் கேட்கும் முதற் கேள்வியைக் கொண்டே, அவர்களுடைய உள்ளம் எங்கே இருக்கின்றது என்பதை அறிந்துகொள்ளலாம். 2024ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்துப் போயா விடுமுறைக்குப் பின் வந்த திங்கட்கிழமை எம்மை நோக்கி எழுந்த கேள்வி இது: "சேர், பட்டிப்பொலவுக்கு மோட்டார்ச் சைக்கிளில் போனீர்களாமே! எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் போனீர்கள்?"

வழியிற் கண்ட அருவிகளைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. மலையுச்சியின் குளிரைப் பற்றியும் கேட்கவில்லை. வேகத்தையே கேட்டனர். இளமைக்கு அது இயல்பே. ஆயினும், உடனே விடை கூற எமக்கு நா எழவில்லை. அதன் காரணத்தைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது பயணத்திற்கு வித்திட்டது பெற்றோல் வரிசை என்றால் வாசகர் நகைக்கக்கூடும். 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், ஆசிரியர் சிலர் அட்டன் நகரத்து வீதியோரத்தில் வண்டிகளுடன் இரவு பகலாகக் காத்துக் கிடந்தோம். பின்னர் மோட்டார்ச் சைக்கிளொன்றுக்கு வாரத்திற்கு 4 லீற்றர் எனப் பங்கீடு வந்தது. அந்த வரிசையில் நின்றபோதுதான், "பெற்றோல் தாராளமாகக் கிடைக்கும் காலம் வந்தால், எல்லோருமாக ஒருநாள் பட்டிப்பொலவரை போய்வர வேண்டும்" என்றார் எமது தமிழாசிரியர். எம்முள் அவரே மூத்தவர். பயணத்தின்போது அவருக்கு வயது 58. 'மாஸ்டர்' என்றே அவரை அழைப்பது எமது வழக்கம். அவருடைய வண்டியும் முப்பது வயதைக் கடந்தது. எங்கள் வண்டிகளும் புதியனவல்ல. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், இருப்பதைப் பேணி ஓட்டுவதே எம் போன்றோருக்கு வழியாயிற்று.

குறித்த நாளிலே காலை ஆறு மணிக்கு ஏழு வண்டிகள் அட்டனில் அணிவகுத்தன. புறப்படுமுன் மாஸ்டர் எம்மை நிறுத்திச் சில விதிகளைக் கூறினார். முன்னே செல்பவர் ஒருவர்; அவரை எவரும் முந்தலாகாது. நேரான பாதையில் ஒருவர் இடப்புறமும் அடுத்தவர் சற்றே வலப்புறமுமாக, இடைவெளி விட்டுச் செல்ல வேண்டும். வளைவு வந்தால் ஒற்றை வரிசை. இறக்கத்தில் பிறேக்கை மட்டும் நம்பாது, கியரைக் குறைத்து இயந்திரத்தின் இழுவையாலே வேகத்தை அடக்க வேண்டும். இறுதியாக ஒன்று கூறினார்: "ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருபவரைக் கண்ணாடியிற் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் தெரியாவிட்டால் நில்லுங்கள். நீங்கள் நின்றால் உங்களுக்கு முன்னால் போகிறவரும் நிற்பார். இப்படியே செய்தி முதல் வண்டிவரை போய்விடும்."

முன்னே செல்லும் பொறுப்பை எம்மிடம் ஒப்படைத்தனர். பின்காவலாக மாஸ்டரே நின்றுகொண்டார்.

கொட்டகலையைக் கடந்ததும், டெவன் அருவியும் அதன்பின் சென்கிளேயர் அருவியும் காலைப் பனிக்குள்ளிருந்து தோன்றின. தலவாக்கலையிலே தேநீர் அருந்தினோம். நானுஓயாவை அணுகியபோது எவரும் பேசவில்லை. 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி, ரதெல்ல குறுக்கு வீதியிலே பேருந்தொன்று வேனுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியதில் 7 உயிர்கள் போயின. மலைநாட்டு இறக்கம் பிழையைப் பொறுக்காது என்பதற்கு அதனிலும் வேறு சான்று வேண்டியதில்லை.

நுவரெலியாவிலே ரொட்டியும் கட்டச்சம்பலும் உண்டு, பிளக்பூல் சந்தியால் திரும்பி அம்பேவெலப் பாதையைப் பிடித்தோம். அதுவரை தேயிலை, அதன்மேல் லீக்ஸும் கோவாவும் கிழங்கும் விளையும் தோட்டங்கள், பின்னர் மாடுகள் மேயும் புல்வெளிகள், அப்பால் காற்றிலே சுழலும் ஆலைகள். நிலத்தின் முகம் இவ்வாறு மாறுவதைப் புவியியல் ஆசிரியராகிய நாம் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கின்றோம். அன்று அதைக் கண்ணாற் கண்ட களிப்பிலே, எமது வலக்கை சற்றே முறுகியது.

எமது தவறு அங்கேதான் நிகழ்ந்தது. அணியாகச் செல்லும் வண்டிகளில், முதலாமவர் வேகத்தைச் சிறிது கூட்டினாலும் கடைசியாக வருபவர் பன்மடங்கு விரைந்தாலன்றி இடைவெளியை நிரப்ப முடியாது. இடையில் வருபவர்களோ முன்னவரைத் தவறவிடாதிருப்பதிலே கண்ணாயிருந்து பின்னவரை மறந்துவிடுவர். எமது அணியிலும் அதுவே நேர்ந்தது. போதாததற்கு மூடுபனியும் இறங்கிற்று. அதனூடே பால் வாளியைச் சுமந்துவந்த முதியவரொருவர், எமது வண்டியைக் கண்டு வீதியோரத்துப் புல்லில் ஒதுங்கிக்கொண்டார். நாம் வேகத்தைக் குறைத்திருந்தால் அவர் ஒதுங்கவே வேண்டியதில்லை.

பட்டிப்பொல புகையிரத நிலையத்தை அடைந்தோம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்திலுள்ள இது, இலங்கையிலேயே மிக உயரமான புகையிரத நிலையம். மலைநாட்டுப் பாதை 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. ஆயினும் இம்முகட்டைத் தாண்டிப் பண்டாரவளையை அடைய 1894ஆம் ஆண்டாயிற்று. மலை அவசரத்தை விரும்புவதில்லை போலும்! இவற்றையெல்லாம் நண்பர்களுக்கு விளக்கிக்கொண்டே நின்றோம். மாஸ்டர் வரவில்லை. "மெதுவாக வருவார்" என்றார் ஒருவர். நாமும் அதனை ஏற்றுக்கொண்டோம்.

அவ்வேளையில் சுரங்கத்தின் பக்கமிருந்து பதுளை வண்டியொன்று வந்து நின்று, பின்னர் புறப்பட்டது. நிலையத்து ஊழியரொருவர் இயந்திரத்தைப் பார்க்கவில்லை, பயணிகளையும் பார்க்கவில்லை. கடைசிப் பெட்டி மேடையைக் கடக்கும்வரை காத்திருந்து, அதன் பின்புறத்தையே நோக்கினார். புகையிரதத்தின் கடைசிப் பெட்டியில் அடையாள விளக்கொன்று இருக்கும். அது தென்பட்டால்தான் வண்டி முழுதாக வந்து சேர்ந்தது என்று கணக்கு. தென்படாவிட்டால், வழியிலே ஏதோ ஒரு பெட்டி கழன்று நிற்கின்றது என்பது பொருள். இயந்திரம் வந்து சேர்ந்ததனால் மட்டும் வண்டி வந்ததாகாது.

நாம் திரும்பி எமது வண்டிகளை எண்ணினோம். ஆறு. கைக்கடிகாரம் இருபத்தைந்து நிமிடங்கள் கழிந்ததைக் காட்டிற்று. தொலைபேசியில் அழைத்தோம், தொடர்பு கிடைக்கவில்லை. எவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் ஒரே பிள்ளையை நினைத்தோம்.

அவன் எமது மாணவன். மாஸ்டரே அவனுக்கு வகுப்பாசிரியர். லயத்து வீட்டிலிருந்து வந்து உயர்தரம் வரை படித்தவன். கொழும்பிலே கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்து, தவணைப் பணத்திற்கு ஒரு மோட்டார்ச் சைக்கிள் வாங்கினான். தீபாவளிக்குத் தோழர் நால்வருடன் வீடு திரும்பியபோது, வளைவொன்றில் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தான். அவனே கடைசியாக வந்தவன். முன்னே சென்ற நால்வரும் அடுத்த நகரிலே தேநீர் அருந்திக்கொண்டு, "மெதுவாக வருவான்" என்றிருந்தனர். அவர்கள் திரும்பிச் சென்றபோது ஒரு மணி நேரம் கழிந்துவிட்டது. நேரத்தோடு தூக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்று மருத்துவர் கூறினாராம். அவனுடைய தாய் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பக் கூறி அழுததை நாம் நேரிற் கேட்டோம். அன்று வகுத்த விதிகளே மாஸ்டர் எமக்குக் காலையிற் கூறியவை.

வண்டிகளைத் திருப்பினோம். மூடுபனியிலே வளைவுதோறும் ஒலி எழுப்பி, பள்ளங்களை எட்டிப் பார்த்துக்கொண்டே சென்றோம். ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தூரம். எமது வாழ்நாளில் அதனிலும் நீண்ட பாதையில் நாம் சென்றதில்லை.

கோவாத் தோட்டமொன்றின் ஓரத்திலே மாஸ்டர் அமர்ந்திருந்தார். கையிலே வெறுந்தேநீர்க் கோப்பை. கிளச் கம்பி அறுந்துவிட்டதாம். மாற்றுக் கம்பி அவரிடமே இருந்தது. குளிரில் விறைத்த விரல்களால் அதனைக் கோக்க முடியாதிருக்க, தோட்டத்து இளைஞனொருவன் உதவிக்கொண்டிருந்தான். அவனுடைய தாயார் தேநீர் கொடுத்திருந்தார். எங்களைக் கண்டதும் அந்த அம்மையார், "ஐயா தனியாத்தான் வந்தாருன்னு நெனச்சேன். கூட்டமா வந்தீங்களா?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடையிறுக்க எம்முள் எவராலும் இயலவில்லை.

மாஸ்டர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "எனக்கு ஒன்றுமில்லை, தம்பி. நீங்கள் எத்தனை நிமிடத்தில் திரும்பி வருவீர்கள் என்றுதான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

"எத்தனை நிமிடம், மாஸ்டர்?"

"முப்பத்தெட்டு" என்றார். சற்றுப் பொறுத்து, "அவனுக்குப் போதாது" என்று கூறிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

திரும்பும்போது வரிசையை மாற்றினோம். மாஸ்டர் முன்னே சென்றார். நாம் பின்காவலாக வந்தோம். முன்னாலுள்ள ஆறு சிவப்பு விளக்குகளையும் எண்ணிக்கொண்டே, ஒன்று மறைந்தால் மீண்டும் தோன்றும்வரை மூச்சையடக்கிக்கொண்டு வந்தோம். காலையில் எமது கண்ணிற் படாதவையெல்லாம் அப்போது தெரிந்தன: வீதியோரத்து மைல்கல், சுமையோடு நடக்கும் பெண்கள், திறந்த கதவினூடே தெரிந்த லயத்து அடுப்பின் நெருப்பு. அட்டனை அடைந்தபோது இருட்டிவிட்டது. ஏழு வண்டிகளும் வந்து சேர்ந்தன.

திங்கட்கிழமை மாணவர் கேட்ட கேள்விக்கு வருவோம். எத்தனை கிலோமீற்றர் வேகம்? "போகும்போது எனது வேகம், அது பிழை. வரும்போது எல்லோரிலும் மெதுவாகச் செல்லும் வண்டியின் வேகம்" என்று கூறி, நடந்ததை ஒளிக்காமல் எடுத்துரைத்தோம். தம் தவறை மாணவர் முன்னிலையில் ஒப்புக்கொள்வது ஆசிரியருக்கு எளிதன்று. ஆயினும் அப்பிள்ளைகளுட் பலர் இன்னும் சில ஆண்டுகளில் தம் உழைப்பிலே வண்டி வாங்கி, தோழரோடு கூடி இந்த மலைப்பாதைகளில் ஏறப்போகின்றவர்கள் அல்லவா?

மணி அடித்தது. எல்லோரும் வெளியே சென்றபின், கடைசி வாங்கிலிருந்த மாணவனொருவன் எம்மிடம் வந்தான். அண்மையில் அவனுடைய அண்ணன் வண்டி வாங்கியிருப்பதை நாம் அறிவோம்.

"சேர், மாஸ்டர் சொன்ன விதிகளை இன்னொரு தடவை சொல்லுவீங்களா? அண்ணனுக்கு எழுதிக் கொடுக்கணும்" என்றான்.

கரும்பலகையைத் துடைத்துவிட்டு, முதல் விதியிலிருந்து எழுதத் தொடங்கினோம்.