கறைபட்ட கை

நமது தந்தையாரின் பழைய மோட்டார் வண்டி பிரிக்பீல்ட்ஸ் பட்டறையொன்றில் நின்றது. தானே கியர் மாறும் பெட்டியை வண்டியிலேயே விட்டு, இஞ்சினை மாத்திரம் இறக்குவதாக ஏற்பாடு. ஆங்கிலப் புத்தகத்தைக் கையிலேந்தி மேற்பார்வைக்குச் சென்றோம். இஞ்சினையும் பெட்டியையும் பிணைத்த போல்ட்டுகள் கழன்றதும், “இனித் தூக்கலாமே” என்றோம்.

மெக்கானிக் நகைத்தார். “கிராணி ஐயா, கன்வெர்ட்டரை இன்னும் விடுவிக்கவில்லையே!”

எண்ணெய் நிறைந்த அவ்வுருளை இஞ்சினின் சுழல்தட்டோடு முடுக்கப்பட்டிருக்கிறது. இஞ்சினைக் கையால் சுழற்றி, போல்ட்டுகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி, உருளையைப் பெட்டியோடு ஒட்டித் தள்ளி நிறுத்தவேண்டும். அஃது இஞ்சினோடு வெளிவந்தால் பெட்டியின் எண்ணெய்ப் பம்புக்கும் சீலுக்கும் கேடு. பெட்டிக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்கிய பின்னரே அவர் சங்கிலிக் கப்பியை இழுத்தார்.

1939இல் ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனியார் விற்பனைக்குக் கொணர்ந்த நாள்முதல் இவ்வகைப் பெட்டிக்குத் தானியங்கி என்று பெயர். அதனைப் பேணுவதற்கோ அறிவுள்ள மனிதன் கையன்றோ வேண்டியிருக்கிறது!

நமக்கு வெட்கம் மேலிட்டது. சென்ற மாதந்தான், “பட்டறைக்காரன், கையில் கறை” என்று சொல்லி, நமது தங்கைக்கு வந்த சம்பந்தமொன்றைத் தட்டிக் கழித்திருந்தோம். பேனா மை படிந்த நமது விரல்கள் அப்பொழுது நம் கண்ணிற் படவில்லை.

அன்றிரவு கிள்ளான் திரும்பியதும், அவளது விருப்பம் யாதென்று முதன்முறையாக அவளையே கேட்டோம்.