செல்லப்பா சொல்லிய கதை

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் வருமா என்று எவரேனும் வினவினால், "பேசுவான்; எழுதப் படிக்கத்தான் வராது" என்பது வழக்கமான விடை. எங்கள் இல்லத்து நிலைமை இதற்கு நேர்மாறு. பத்து வயது மகள் எழுத்துக் கூட்டி நன்றாகவே படிப்பாள். ஒரு பக்கத்தைப் பிழையின்றி வாய்விட்டுப் படித்து முடித்ததும், "என்ன நடந்தது, சொல் பார்க்கலாம்" என்றால் விழிப்பாள். சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டால் பாதிக்கு மேல் கூறிவிடுவாள். அச்சொற்கள் கூடிக் கதையாவது மட்டும் அவளிடம் நிகழவில்லை.

இதனை நாங்கள் நெடுநாள் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதில் வெட்கந்தான். கவனித்தவர் பொள்ளாச்சியிலிருந்து ஒரு பங்குனி மாதம் வந்து தங்கியிருந்த குழந்தையின் அம்மாயி. ஒரு ஞாயிறு மாலை, ஸ்ரீதர் இயக்கி 1964இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தைக் குடும்பத்தோடு அமர்ந்து பார்த்தோம். நாங்கள் சிரித்தோம், குழந்தையும் சிரித்தாள். இரவு சமையலறையில் அம்மாயி தாழ்ந்த குரலில் சொன்னார்: "புள்ளை படத்தைப் பாத்துச் சிரிக்கலைங்க. உங்க மூஞ்சியைப் பாத்துச் சிரிக்குது."

மறுநாள் அதே படத்தின் ஒரு பகுதியை மீண்டும் ஓடவிட்டுக் குழந்தையையே பார்த்திருந்தோம். உண்மைதான். அவளுடைய சிரிப்பு எங்கள் சிரிப்புக்கு அரை நொடி பிந்தி வந்தது.

அம்மாயி ஊர் திரும்பிய பின் ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேத்தியோடு பேசுவார். "சாப்பிட்டேன்", "நல்லா இருக்கேன்", "பரீட்சை முடிஞ்சுது" என்ற மூன்று வாக்கியங்களோடு பேச்சு முடிந்து, கருவி எங்கள் கைக்கு வந்துவிடும். எண்பதை நெருங்கும் ஒருவருக்கும் பத்து வயதுக் குழந்தைக்கும் இடையே இவ்வளவுதானா என்ற கவலை அப்போதுதான் எங்களைப் பற்றிக்கொண்டது. அந்தப் படத்தையே பாடமாக்குவது என்று முடிவு செய்தோம்.

முதலில் செய்தது தவறு. படிப்பித்துப் பழக்கமில்லாதவர்கள் ஆசிரியராக முற்பட்டால் வினாத்தாளில்தான் தொடங்குவார்கள் போலும். அசோக்கை வேலையிலிருந்து நீக்கியவர் யார், செல்லப்பாவின் படக் கம்பெனியின் பெயர் என்ன என்று பத்து வினாக்கள் எழுதினோம். எட்டுக்குச் சரியாக விடை எழுதினாள். 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருந்தாள். ஆயினும் கதை பிடிபடவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

இப்படத்தின் கதைமுடிச்சை வாசகர் அறிவர். தோட்ட முதலாளி விசுவநாதன் செல்வந்தர் வீட்டுச் சம்பந்தத்தில் கண்ணாக இருப்பவர். அவர் மகளை விரும்பும் அசோக், தன்னை ஒரு கோடீசுவரரின் மகன் என்று கூறிக்கொள்கிறான். அந்தக் கோடீசுவரத் தந்தையாக வேடம் பூணுபவன் அவனுடைய நண்பன் வாசு. வேடம் நமக்குத் தெரியும். பாலையா ஏற்றிருக்கும் விசுவநாதனுக்குத் தெரியாது. சிரிப்பு முழுவதும் அந்த இடைவெளியில் இருக்கிறது. ஒவ்வொரு வசனத்திற்கும் பொருள் தெரிந்தாலும், யாருக்கு எது தெரியும் என்பது விளங்காவிட்டால் அது வெறும் கூச்சல்தான்.

ஆகவே வினாத்தாளைக் கிழித்துவிட்டு ஆறு கிண்ணங்களை எடுத்து வைத்தோம். ஒவ்வொன்றும் ஒரு பாத்திரம். உண்மை யாருக்குத் தெரிகிறதோ அவர் கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டை. இரவுக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் இல்லை. காட்சியின் நடுவே நிறுத்துவதில்லை என்றும் விதி செய்துகொண்டோம். சிரிப்பு எழும் நேரத்தில் விளக்கம் கூறுவது பொங்கும் பாலில் தண்ணீர் தெளிப்பது போலத்தான். பாடல்களைத் தாண்டிச் செல்ல எண்ணியிருந்தோம், மனம் வரவில்லை.

மூன்றாம் இரவு, விசுவநாதனின் வெற்றுக் கிண்ணத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், எங்களுக்கு முன்னதாகச் சிரித்தாள். நாங்கள் சிரிக்க மறந்து அவளையே பார்த்திருந்தோம். அடுத்த இரவு அவளே ஒரு வினா எழுப்பினாள்: "விசுவநாதன்கிட்டதான் நிறைய பணம் இருக்கே, அப்புறம் ஏன் இன்னொரு பணக்காரரைத் தேடறார்?" எங்கள் பத்து வினாக்களில் இப்படி ஒன்றுகூட இல்லை.

செல்லப்பா தன் தந்தைக்குப் படக்கதை சொல்லும் காட்சிக்கு ஓர் இரவு முழுவதும் போயிற்று. நாகேஷ் அஞ்சவைக்கும் ஒலிகளைத் தம் வாயாலேயே எழுப்ப, பாலையா முகத்தாலேயே நடுங்குவார். குழந்தை மும்முறை பார்த்துவிட்டு, "இதுல கதையே இல்லையே! சத்தம்தானே இருக்கு. அப்புறம் ஏன் பயப்படறார்?" என்றாள். நாங்கள் விடை கூறவில்லை. சற்றுப் பொறுத்து, "அவரே மனசுக்குள்ள கதை பண்ணிக்கிறார்" என்று தானே முடித்தாள்.

இந்த இடத்தில் சங்கத்து அன்பர் சிலர் எம்மைக் கடிந்துகொள்ளக்கூடும். இப்படத்தை ஸ்ரீதரே 1966இல் 'பியார் கியே ஜா' என்று இந்தியில் எடுத்தார். அதில் இதே காட்சியில் மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் நடித்தனர். கீழ்த்தளத்துத் தோழியின் வீட்டில் அதைப் பார்த்த எங்கள் மகள், தோழியிடம் கதை முழுவதையும் இந்தியில் தங்குதடையின்றிச் சொல்லிக்கொண்டிருந்ததைப் படிக்கட்டில் நின்று கேட்டோம். கதை சொல்லும் ஆற்றல் அவளிடம் இருந்தது. தமிழுக்குள் அதைக் கொண்டுவரும் வழிதான் அடைபட்டிருந்தது. அன்றுமுதல், முதலில் இந்தியில் சொல்லட்டும், பிறகு அதையே தமிழில் சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம். வீட்டில் இந்திக்கு இடங்கொடுப்பதா என்ற தயக்கம் எங்களுக்கும் இருந்தது. ஆனால் தடுக்கியபோதெல்லாம் தமிழ்ச் சொல்லை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். 'ஆள்மாறாட்டம்' என்ற சொல்லை அப்படித்தான் பெற்றாள். இரண்டு நாள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதையே வழங்கினாள்.

பின்னொரு ஞாயிறு, அம்மாயிக்குக் கதை சொல்லத் தொடங்கினாள். நாற்பது நிமிடம் நீடித்தது. ஆழியாற்றுப் பக்கம் படமெடுத்த இப்படத்தை அம்மாயி மணமான புதிதில், 1964லேயே, கொட்டகையில் பார்த்தவர், வசனங்கள் மனப்பாடம். எனினும் "அப்புறம்?" "ஐயோ, அந்தாளு கண்டுபுடிச்சுட்டாரா?" "வேசமா? எனக்குத் தெரியலையே கண்ணு!" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். செல்லப்பாவின் காட்சி வந்ததும் குழந்தை கதவு கிரீச்சிடும் ஓசை எழுப்பினாள். மறுமுனையில் அம்மாயி அலறியது எங்கள் வரை கேட்டது.

கருவியை வைத்த பின், கிண்ணங்களை எடுத்துவைத்த மகள் சொன்னாள்: "அம்மாயிக்குக் கதை முழுக்கத் தெரியும். தெரியாத மாதிரி கேக்கறாங்க. அது எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது."

ஏழாவதாக ஒரு கிண்ணம் வேண்டும் என்றாள்.