மேலே கவியரங்கம்! கீழே வதைக்கூடம்!

மொழிபெயர்ப்பாளன் என்றால் நம்மவர்க்கு ஓர் இளக்காரம். சொந்தச் சரக்கு இல்லாதவன், இரவல் சோற்றிலே விருந்து வைப்பவன் என்று கல்லூரியிலே என்னுடன் பயின்றோர் எள்ளி நகையாடியதுண்டு. அவர்கள்முன் நான் நிறுத்த விரும்பும் மனிதர் ஒருவர் உண்டு. ஆஸ்திரேலியக் கவிஞர் கிறிஸ் ஆண்ட்ரூஸ்!

1962-இல் நியூகாசில் எனும் துறைமுக நகரிலே பிறந்தவர். மெல்போர்ன் பல்கலைக் கழகத்திலும், பின்னர் மேற்குச் சிட்னிப் பல்கலைக் கழகத்திலும் ஆசிரியப் பணி. 2012-இல் வெளிவந்த அவரது கவிதைத் தொகுதி ஆண்டனி ஹெக்ட் பரிசு பெற்றது. போதும். பட்டங்களையும் பரிசுகளையும் அடுக்கவா பேனாவை எடுத்தேன்?

சிலி நாட்டிலே பிறந்து நாடோடியாய்த் திரிந்த ராபர்ட்டோ பொலானோவின் நாவலொன்றை, 2003-இல் ஆண்ட்ரூஸ் ஆங்கிலமாக்கினார். பொலானோவின் நூல்களில் ஆங்கிலம் கண்ட முதல் நூல் அதுவே. அதே ஆண்டு, ஐம்பதாம் அகவையிலே பொலானோ மறைந்தார். ஆங்கிலம் அறிந்த உலகு அவரை அறியத் தொடங்கிய வேளையிலே அவர் இல்லை!

கதையைச் சொல்பவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். மரணப் படுக்கையிலே புலம்புகிறார். நூல் முழுவதும் ஒரே பத்தி. இறுதியிலே தனித்து ஒரு வரி. பாதிரியார் இலக்கியத் திறனாய்வாளருங்கூட. எந்த நூல் உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று தீர்ப்பு வழங்கும் பெரிய மனிதர். அயெண்டே ஆட்சியிலே நாடே கொந்தளித்தபோது அவர் செய்தது என்ன? கிரேக்கப் பழம் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தார்! 1973 செப்டம்பர் 11-இல் அயெண்டே வீழ்த்தப்பட்டார். அப்புறம்? சர்வாதிகாரி பினோசேவுக்கும் அவரது தளபதிகளுக்கும் மார்க்சீயப் பாடம் நடத்தச் சென்றார், அதே பாதிரியார். எதிரியை அறிய வேண்டுமாம்!

ஐரோப்பாவிலே அவர் கண்ட காட்சி இன்னும் வேடிக்கை. புறாக்களின் எச்சத்தால் மாதா கோயில்கள் பாழாகின்றனவாம். எனவே பாதிரிமார் பருந்து வளர்த்துப் புறாக்களைக் கொல்கிறார்கள். பரிசுத்த ஆவியின் வடிவம் என்று அவர்களுடைய வேதமே கூறும் பறவை! கல்லைக் காக்க உயிரைக் கொல்வது எந்த மதத்துக்கும் புதிதன்று.

சாந்தியாகோ நகரிலே ஊரடங்குச் சட்டம். இரவிலே எழுத்தாளர்க்குப் போக்கிடம் இல்லை. ஒரு சீமாட்டியின் இல்லத்திலே கூடுகிறார்கள். கவிதை, மது, வாதம்! வழி தவறிய விருந்தாளி ஒருவன் நிலவறையிலே கதவைத் திறக்கிறான். அங்கே கட்டிலோடு கட்டுண்டு, வதையுண்ட மனிதன்! மெல்லக் கதவைச் சாத்திவிட்டு மேலே வருகிறான். விருந்து தொடர்கிறது.

கற்பனை என்று தள்ளிவிடாதீர். மரியானா கயேகாஸ் எனும் எழுத்தாளரின் வீட்டிலே உண்மையாகவே இலக்கியக் கூட்டங்கள் நடந்தன. அவர் கணவர் மைக்கேல் டவுன்லி, பினோசேயின் இரகசியப் போலீசின் ஆள். 1976-இல் கார்மெலோ சோரியா என்பார் வதைபட்டு மாண்டது அதே வீட்டிலேதான். பினோசே 1990 வரை ஆண்டான்.

இத்தனையும் ஸ்பானிய மொழியோடு நின்றிருந்தால் எனக்கு எட்டியிருக்குமா? மூச்சுவிடாமல் ஓடும் அந்தப் புலம்பலை, மூச்சு முட்டாமல் ஆங்கிலத்திலே ஓடவிடக் கவிஞனின் செவி வேண்டும். அடுத்து, வானிலே விமானத்தால் கவிதை எழுதும் கொலைகாரனைப் பற்றிய பொலானோ நாவலையும் ஆண்ட்ரூஸ் பெயர்த்தார்; அதற்கு 2005-இல் வாயே-இன்க்ளான் பரிசு கிட்டியது. அர்ஜென்டீனாவின் சேசர் ஐராவையும் ஆங்கிலத்துக்குக் கொணர்ந்தார். தடித்த பெரு நாவல்கள் இரண்டையும் பெயர்த்தவர் வேறொருவர், நடாஷா விம்மர். புகழின் பெரும்பகுதி அங்கே போயிற்று.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறு செயல். பாதிரியாரை ஐரோப்பாவுக்கு அனுப்பும் இருவரின் பெயர்கள் மூலத்திலே ஒடெய்ம், ஒய்டோ. திருப்பிப் படித்தால் ஸ்பானிய மொழியில் அச்சம், வெறுப்பு! அப்படியே விட்டிருந்தால் ஆங்கில வாசகனுக்கு வெறும் ஒலி. ஆண்ட்ரூஸ் ஆங்கிலத்திலே அச்சம், வெறுப்பு எனும் சொற்களை எடுத்தார், எழுத்துக்களைத் தலைகீழாக்கினார். ரேப், எட்டா என்று புதுப் பெயர் சூட்டினார். தமிழில் எப்படிச் செய்வது? அச்சம் திரும்பாது, மெய்யெழுத்திலே சொல் தொடங்காதே! பகை, 'கைப' ஆகும். பீதி, 'திபீ' ஆகும். திருவாளர் திபீ! மாணவர் சிரிப்பர். ஒரு வாரமாகக் கரும்பலகையிலே எழுதி எழுதி அழிக்கிறேன், இன்னும் பிடிபடவில்லை.