பற்றைக்குள் இருக்கும் பெயர்கள்

2025 பெப்ரவரி 2, ஞாயிறு. கிட்டங்கி

இன்று உலக ஈரநில தினம். 1971இல் இதே நாளில்தான் ஈரானின் ராம்சார் நகரில் ஈரநில உடன்படிக்கை கையெழுத்தானது. எங்கள் அம்பாறை மாவட்டத்தின் குமண ஈரநிலம் 2010இல் அந்த உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. குமண தூரம். கிட்டங்கித் தாம்போதிக்குக் கல்முனையிலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம்.

மாரி வெள்ளம் வடிந்தாலும் ஆற்றுவாழை வடியவில்லை. கரையிலிருந்து கரைவரை அடைத்துக் கிடக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடியை ஒழிக்க 1909இலேயே இலங்கையில் தனிச் சட்டம் போட்டார்கள். ஊதாப் பூ அழகுதான். ஆனால் அதன் கீழே வெளிச்சம் இறங்காது. ஊதிப் பருத்த காம்பைப் பிளந்து பார்த்தேன். உள்ளே முழுக்கக் காற்றறைகள். அதனால்தான் மிதக்கிறது.

ஓரத்தில் சம்பும் பன்னும். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் புல்லு. பாய் இழைக்கும் மாமி ஒருவர் அங்கே பன் அறுத்துக்கொண்டிருந்தார். தண்டை விரலால் தடவியே எது முற்றியது, எது பிஞ்சு என்று பிரித்துப் போட்டார். எந்தப் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு. மருதமுனைக் கடற்கரை

சுபஹுத் தொழுகை முடிந்து நேராகக் கடற்கரைக்கு நடந்தேன். அடம்பன் கொடி பூத்திருக்கிறது. இலை நடுவில் பிளந்து ஆட்டுக்குளம்பின் வடிவில் இருக்கும். ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். கொடியைத் தூக்கினால் கணுவுக்குக் கணு வேர். மணல் இப்படித்தான் பிடிபடுகிறது.

இராவணன் மீசையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் முள்ளுருண்டை காய்ந்ததும் கழன்று, காற்றோடு மணலில் உருண்டுபோய் விதை போடுகிறது. சின்ன வயதில் அந்த உருண்டையைத் துரத்தி ஓடாத பிள்ளை இந்தக் கரையில் இல்லை. 2004 டிசம்பர் 26இல் சுனாமி அடித்த கரை இது. பிறகு நட்ட சவுக்குகள் இன்று உயரமாக நிற்கின்றன. நட்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் யாரும் நடாமல் தானாக வந்து மணலைக் கட்டும் அடம்பனையும் மீசையையும் குப்பையோடு சேர்த்து வழித்துத் தள்ளுவது எனக்குப் பொறுக்கவில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு. வீட்டில்

மழை. ட்ரைமனின் இலங்கைத் தாவர நூலைப் புரட்டினேன். அவர் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்தவர். 1893இல் வெளிவரத் தொடங்கிய நூல் முடியுமுன் 1896இல் காலமானார். தாவரவியலாளர் ஹூக்கர் 1900இல் ஐந்தாம் பாகத்தோடு முடித்துவைத்தார். சிங்களப் பெயருக்குப் பக்கத்தில் தமிழ்ப் பெயரையும் ட்ரைமன் ஆங்கில எழுத்தில் குறித்திருக்கிறார். நூற்றாண்டு கடந்தும் அந்தப் பெயர்களைத் தேட நாங்கள் அவரிடமே போகவேண்டியிருக்கிறது.

பெப்ரவரி 22, சனி. பொத்துவில் களப்பு

தோணியில் போனோம்.

“எல்லாம் கண்ணாதானே காக்கா?” என்று தோணிக்காரரிடம் கேட்டேன்.

“இல்ல தம்பி. அந்தக் கொப்ப முறிச்சிராதீங்க, அது தில்லை. பால் கண்ணுல பட்டாப் பார்வ போயிரும்.”

தில்லைக்கு இலைகள் மாறிமாறி அமைந்திருக்கும்; விழுமுன் சிவக்கும். பக்கத்தில் நின்ற கண்ணாவில் இலைகள் சோடி சோடியாக எதிரெதிரே. இலையை நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது. வேர் உறிஞ்சும் உப்பில் ஒரு பங்கை இலைவழியே வெளியே தள்ளும் மரம் அது. அடியில் சேற்றைத் துளைத்துக்கொண்டு மூச்சுவேர்கள். கண்டலுக்கோ தாங்குவேர்; தண்டிலிருந்து வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றியிருக்கிறது. அதன் காய் மரத்திலிருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காயைப் போல நீண்டு தொங்குகிறது. விழும் இடத்தில் நீர் வற்றியிருந்தால் சேற்றில் குத்தி நிற்கும். நீர் நிறைந்திருந்தால் மிதந்துபோய் வேறு கரை பிடிக்கும்.

பால், உப்பு, வேர், இலை அமைவு. இந்த நான்கைப் பார்த்தால் மூன்று மரங்களும் தனித்தனியே பிரிந்துவிடும். தோணிக்காரர் இவற்றை ஒரு பார்வையில் சொல்கிறார். பள்ளிக்கூடப் பாடத்தில் மூன்றும் ‘கண்டல் தாவரம்’ என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடுகின்றன.

பெப்ரவரி 26, புதன். கரவாகு வட்டை

வட்டை ஓரத்தில் ஒரு துண்டுக் காணிக்கு லொறி லொறியாகக் கிரவல் கொட்டுகிறார்கள். “வெறும் பற்றைதானே” என்றார் பக்கத்தில் நின்றவர். பற்றைக்குள் இறங்கிப் பார்த்தேன். நீர்முள்ளி, பொன்னாங்காணி, வல்லாரை, தாழை. அப்பால் ஒரு மருது: வெளிறிய வழுவழுப்பான பட்டை உரிந்து, அடியில் ஐந்து சிறகுள்ள காய்கள் கிடந்தன. மருதமுனை, சாய்ந்தமருது என்று இரண்டு ஊர்கள் இந்த மரத்தின் பெயரோடு இருக்கின்றன. அதன் காயைக் கையில் எடுத்துப் பார்த்த பிள்ளைகள் அங்கே எத்தனை பேர்?

குடியிருக்கக் காணி இல்லாத நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனாலும் வெள்ளம் தங்கிக் கடலுக்கு இறங்கும் நிலம் இது. போன நவம்பர் 26இல் மாவடிப்பள்ளி வீதியில் மதரசாப் பிள்ளைகளோடு போன உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போன துயரத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. தண்ணீருக்கு இடம் வேண்டும். பெயர் தெரியாத செடிகள் நிற்கும் நிலத்தைத்தான் எல்லோரும் முதலில் நிரப்புகிறார்கள்.

நோன்பு தொடங்க இன்னும் சில நாள்தான். அதற்குள் உங்கள் மூத்தம்மாவையோ ஊரில் கீரை பிடுங்கும், பன் அறுக்கும், தோணி வலிக்கும் ஒருவரையோ கூட்டிக்கொண்டு பக்கத்து நீர்க்கரைக்கு ஒருமுறை போய்வாருங்கள். அவர்கள் சொல்லும் பெயரைத் தமிழிலேயே எழுதுங்கள். கூடவே இடம், மாதம், பூவா காயா என்பதையும் குறியுங்கள். படம் எடுத்தால் இலையின் அடிப்பக்கத்தையும் பட்டையையும் சேர்த்து எடுங்கள். அந்தக் குறிப்பின் ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் கொடுங்கள்.