எஸ்.பி. 192

மடோனாவின் 'பாப்பா டோன்ட் பிரீச்' வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். 1986இல் வந்தது. அதில் கொஞ்ச நேரம் ஒரு பழைய கப்பல் தலைகாட்டும். இப்ப அது அமெரிக்காவில், ஒஹாயோ ஆற்றோடு சேருற ஒரு சின்ன ஓடையில் துருப்பிடிச்சுக் கிடக்கு. படம் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரேல்ல.

1902இல் ஒரு ரயில்வே முதலாளி தன்ர உல்லாசத்துக்காகக் கட்டுவித்த 186 அடி நீராவிப் படகு அது. முதல் பெயர் 'செல்ட்'. பிறகு 'சேச்செம்'. 1917இல் அமெரிக்கா யுத்தத்துக்குள் இறங்கினதும், ஜேர்மன் நீர்மூழ்கிகளுக்குப் பயந்து, பணக்காரரின் படகுகளையும் மோட்டர் போட்டுகளையும் கடற்படை தேடித்தேடி எடுத்தது. ஒவ்வொன்றுக்கும் எஸ்.பி. எண்டு தொடங்குற ஓர் இலக்கம். துவக்கைப் பூட்டி, கரையோர ரோந்துக்கு விட்டார்கள். சேச்செமுக்குக் கிடைத்தது 192. அதில்தான் தோமஸ் எடிசன் நீர்மூழ்கி எதிர்ப்புப் பரிசோதனைகளைச் செய்தார்.

1919இல் உரிமையாளரிடம் திருப்பிக் குடுத்தாச்சு. பொருளாதார மந்த காலத்தில் கைமாறி, சனத்தை ஏற்றிக்கொண்டு மீன்பிடிக்கப் போற படகாயிற்று. எனக்கு இந்தப் பகுதிதான் பிடிச்சது. ஆனால் 1942இல் கடற்படை திரும்பவும் வந்தது. புதுப் பெயர் 'ஃபீனகைட்', புளோரிடாப் பக்கம் ரோந்து.

ரோந்துப் படகு எண்டதும் எங்கட ஊராக்களுக்கு வேற ஞாபகம் வரும். மீன்பிடித் தடை, பாஸ் கதையெல்லாம் வீட்டாக்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதனாலயோ என்னவோ, யுத்தத்துக்குப் போன படகு திரும்பி வந்து சனத்தை மீன்பிடிக்கக் கூட்டிப்போனது எண்டதை என்னால லேசாகக் கடக்க முடியேல்ல.

இன்னொரு குறையும் இருக்கு. இந்தக் கப்பலைப் பற்றி எழுதுற எல்லாரும் எடிசனையும் மடோனாவையும் விடுறதில்லை. இரவிரவாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நிண்ட மாலுமிகளைப் பற்றி ஒரு வரி கூடக் காணேல்ல.

யுத்தம் முடிய, நியூயோர்க்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றினது. அப்போதைய பெயர் 'சேர்க்கிள் லைன் 5'. 1986இல் ஒருத்தர் வாங்கி, திருத்துற ஆசையில் ஆற்றுவழியா தன்ர காணிக்குக் கொண்டுபோனார். திருத்த முடியேல்ல. இப்ப கயாக்கில் வாற ஆக்கள் பக்கத்தில் நிண்டு படமெடுக்கினம்.